வாங்க தம்பி, இயற்கை உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு

உங்க நோட்டீசு கெடைச்சுச்சு தம்பி. பேரன் வாசிச்சுக் காட்டினான். வெலிமடையில குடும்பத்தோட இயற்கை நாள். காலை ஒம்போது மணி. மரநடுகை உண்டு, டீசேர்ட் உண்டு, பகல் சாப்பாடு உண்டு, பிரதம அதிதி ரெண்டு பேரு உண்டு. இயற்கை எத்தனை மணிக்குன்னு மட்டும் போடல. அச்சுக்காரன் விட்டிருப்பான்.

நான் கவ்வாத்துக் கத்தி பிடிச்ச ஆளு, மைக் பிடிச்சதில்ல. ஆனா இந்த மலைக்கு நல்ல மனசோட பஸ் பிடிச்சு வந்தவங்களை நெறையப் பாத்திருக்கேன். அதனால நீங்க கேக்காட்டியும் நாலு வார்த்தை சொல்லி வைக்கிறேன். வயசான ஆளுக்கு செக்றோல்ல பேர் கெடையாது, சம்பளம் கெடையாது. வாய் ஒண்ணுதான் மிச்சம்.

மொதல்ல பேனர். அதை லேசா எடுத்துக்காதீங்க, போட்டோவுல கடைசி வரைக்கும் நிக்கப் போறது அது ஒண்ணுதான். தோட்டத்துல பேனர் கட்ட சவுக்கு மரந்தான் தோது, நேரா நிக்கும். 'மரங்களைக் காப்போம்'னு எழுதின சீலைய நாலு மூலைக்கும் ஆணி அடிச்சு நல்லா இறுக்குங்க. மரம் ஒண்ணும் சொல்லாது. எங்க ஆளுங்களோட நின்னு பழகின மரம், வாய் தொறக்காது.

அடுத்தது மைக். ஜெனரேட்டரோட கொண்டாங்க, தோட்டத்துக் கரண்டை நம்பாதீங்க. குருவி சத்தம் கேக்க ஆசைப்பட்டு வந்த புள்ளைங்க தலைவர் பேச்சைத் தெளிவாக் கேக்கணும்ல. ஒம்போது மணின்னு வச்சீங்க பாருங்க, அது நல்ல ரோசனை. குருவிங்க வெள்ளனவே, நாங்க வேலைக்கு வரிசையில நிக்கிற மாதிரி, பெரட்டுக்கு வந்து, சத்தம் போட்டு, எரை தேடி முடிச்சு, வெயில் ஏறுறப்ப அடங்கிடும். எங்க பொம்பளைங்களும் ஏறக்கொறைய அதே நேரத்துலதான் கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போவாங்க. நீங்க பஸ்ஸை விட்டு எறங்குற நேரத்துல ரெண்டு கூட்டமும் கண்ணுல படாது. உங்க நிகழ்ச்சிக்கு ஒரு எடைஞ்சலும் இல்ல.

எறங்குற புள்ளைங்க மூஞ்சி கொஞ்சம் சுருங்கியிருந்தாக் கவலைப்படாதீங்க. இந்தப் பக்கத்துக்கு விருப்பமில்லாமக் கூட்டிட்டு வந்த மொத ஆளுங்க அதுங்க இல்ல. ஹக்கலை மலையடியில சீதா எலிய, வெலிமடைக்குக் கிட்ட திவுரும்பொல, இஸ்திரிபுரக் குகை, எல்லாமே சீதையம்மா கதை சொல்ற எடந்தான். அந்தம்மா அசோகவனத்துல எவ்வளவு மரம் பாத்திருப்பாங்க, எவ்வளவு பூ பாத்திருப்பாங்க! ஒண்ணாவது மனசுல ஏறுச்சா? வனத்துல ஒரு கொறையும் இல்ல தம்பி. கூட்டிட்டு வந்த விதந்தான் சரியில்ல.

வெள்ளக்காரன் காலத்துலயும் இந்த மாவட்டத்துல வெளிக்கள நிகழ்ச்சிங்க அமோகமா நடந்துச்சு. பதுளையில அதிகாரியா இருந்த மேஜர் ரோஜர்ஸ்னு ஒரு தொரை. காட்டு மேல அப்படி ஒரு ஆசை அவருக்கு. ஆயிரத்து நானூறு யானைக்கு மேல சுட்டாருன்னு எழுதி வச்சிருக்காங்க. 1845ல அப்புத்தளையில பெரிய மழை நேரத்துல வெளியில வந்து நின்னாரு, இடி விழுந்து போய்ச் சேந்துட்டாரு. நுவரெலியாவுல இருக்கிற கல்லறை மேலயும் இடி விழுந்துச்சுன்னு ஊருல ஒரு பேச்சு உண்டு. அது யானைங்க கட்டிவிட்ட கதையா இருக்கும், நான் அதை நம்புறதுதான். ஹோட்டன் சமவெளியில மேஞ்ச யானையெல்லாம் இப்படித் தொரைமாரு துப்பாக்கிக்கே முடிஞ்சுச்சு. சுட்டுத் தள்ளின பொறகு, சுடுறதுக்கு மிருகம் கொறையுதேன்னு அவங்களுக்கே கவலை வந்துருச்சு. 1894ல வேட்டைக்காரங்களும் தோட்டத் தொரைமாருமே கூடி ஒரு சங்கம் வச்சாங்க. அந்தச் சங்கந்தான் வளந்து திருந்தி இன்னைக்கு வனசீவராசிகளையும் இயற்கையையும் காக்குற சங்கமா நிக்குது. அதனால உங்க சங்கம் எப்படித் தொடங்கினாலும் நம்பிக்கைய விட்டுறாதீங்க.

ஹோட்டன் சமவெளிக்கும் கூட்டிட்டுப் போற எண்ணம் இருக்காமே. போங்க, நல்ல எடம். 1988ல தேசியப் பூங்காவாக்கினாங்க, 2010ல உலக மரபுரிமைப் பட்டியல்லயும் ஏறிடுச்சு. வாசல்லயே தண்ணிப் போத்தல் லேபலை உரிச்சிடுவாங்க, பிஸ்கட் சுத்தின பொலித்தீனையும் கழட்டி வாங்கிடுவாங்க. பல குடும்பங்களுக்கு அன்னைக்குக் கெடைக்கிற மொத்த சுற்றாடல் கல்வியும் அந்த வாசல்ல உரிச்ச லேபல்தான். உள்ள போன கையோட உலக முடிவுன்னு சொல்ற செங்குத்துப் பாறை விளிம்புக்கு ஒரே ஓட்டம். மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் தண்ணி பொறக்குற நெலம் அது. அந்த ஈரத்த மிதிச்சுத் தாண்டித்தான் ஓடுறாங்க. போய்ச் சேந்தா பனி மூடியிருக்கும். டிக்கட் காசு வீணாப் போச்சுன்னு பனியத் திட்டிக்கிட்டே திரும்பி வருவாங்க. ஹக்கலைப் பூந்தோட்டமும் அப்படித்தான். 1861ல காய்ச்சலுக்கு மருந்து கொய்னாப் பட்டைக்காகத் தொடங்கின தோட்டம் அது. இப்ப சித்திரை சீசன்ல ரோசாப்பூவுக்கு முன்னால போட்டோவுக்கு வரிசை நிக்குது. எந்த மரம் காய்ச்சலைத் தீத்துச்சுன்னு கேக்குற புள்ளையை நான் இன்னும் பாக்கல. கேட்டா அப்பாமாருக்குத் தெரியாதுங்கிறதால, கேக்காம இருக்கிறதே மரியாதைன்னு அதுங்க நெனைச்சிருக்கும்.

இப்ப மரநடுகைக்கு வருவோம். இதுல எனக்கு வயித்தெரிச்சல் அதிகம், பொறுத்துக்கங்க.

ஜூன் அஞ்சாந்தேதிதான் நடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறீங்க. 1972ல ஸ்டொக்ஹோம்ல ஒரு மகாநாடு கூடிச்சாம், அது தொடங்கின நாளைச் சுற்றாடல் தினம்னு உலகம் பூராக் கொண்டாடுதாம். கொண்டாடட்டும். கொழும்புக்கும் அது தோதான மாசம், தென்மேல் மழை கொட்டுற நேரம், குச்சிய ஊனினாலும் தளிர்க்கும். ஊவாவுல கதை வேற தம்பி. அந்தத் தென்மேல் காத்து ஹட்டன், நுவரெலியாப் பக்கமே மழைய எல்லாம் எறக்கி வச்சுட்டு, மலையேறி எங்க பக்கம் எறங்கும்போது வெறுங்கையோட, காஞ்சு போயி வரும். ஆடி, ஆவணியில கொழுந்து சுருங்கி வாசம் ஏறுறது அந்தக் காத்துலதான். ஊவாத் தேயிலைக்கு லண்டன்ல பேர் வாங்கிக் குடுத்த காத்து. தேயிலைக்கு ராசி, நாத்துக்கு எமன். எங்களுக்கு நல்ல மழைன்னா ஒக்டோபர்ல தொடங்கித் தை வரைக்கும். நீங்க ஜூன்ல நட்டு, தோள்ல கையப் போட்டு போட்டோ பிடிச்சு, தண்ணி ஊத்தின மாதிரி நடிச்சிட்டுப் போன கன்னு ஆவணிக்குள்ள வெறகாகிடும். ஒரு வசதி உண்டு. அடுத்த ஜூன்ல அதே குழியில இன்னொண்ண நடலாம், குழி வெட்டுற கூலி மிச்சம்.

எங்க நடுறீங்கங்கிறது அடுத்த சங்கதி. மொட்டையாக் கெடக்கே, அந்த மலையில நடலாமேன்னு கை காட்டுறீங்க. அது மொட்டை இல்ல தம்பி, பத்தனை. மானாப் புல்லு எழும்பி நிக்கிற ஊவாப் பத்தனை. புல்லே குடியிருக்கிற பூமி அது. வேரைக் கோத்து மண்ணப் பிடிச்சு வச்சிருக்கு. அதுக்குள்ள வானம்பாடி இருக்கு, முயல் இருக்கு, தத்துக்கிளி இருக்கு. குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும், பேனருக்குப் பக்கத்துல நின்னாத் தெரியாது. எழுபது, எம்பதுகள்ல பெரிய படிப்புப் படிச்சவங்களும் உங்க கண்ணாலதான் பாத்தாங்க. சும்மா கெடக்கிற நெலந்தானேன்னு பைனஸ் மரத்தைக் கொண்டாந்து நட்டாங்க. கரீபியன் கடல் பக்கத்து மரம். பெரட்டுல நாங்க நின்ன வரிசைய விட ஒழுங்கா நிக்குது இன்னைக்கும். கீழ ஊசி எலை மெத்தை, அதுல பிசின். அந்த ஆவணிக் காத்துல அணைக்காமப் போட்ட ஒரு பீடித்துண்டு போதும். எல்ல, அப்புத்தளைப் பக்கம் மலை பத்தி எரியுதுன்னு காஞ்ச மாசத்துல பேப்பர்ல வர்ற படத்தை நீங்களும் பாத்திருப்பீங்க. மரமே நடாதீங்கன்னு நான் சொல்லல. ஓடைக்கரையில நடுங்க, சரிஞ்ச கரையில நடுங்க, எது நிக்கும்னு அந்த மண்ணுல வேலை செஞ்ச ஆளைக் கேட்டு நடுங்க. பத்தனையில புள்ளைங்களைப் புல்லு பாக்க விடுங்க. புல்லைக் காட்டி டீசேர்ட் அச்சடிக்க முடியாதுதான், அதுக்கு நான் என்ன பண்ண.

நாடு பூராவுக்கும் சேத்து ஒரு இயற்கை முகாம் 2021ல நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? ரசாயன உரம் இனிமே நாட்டுக்குள்ள வராதுன்னு ஒரே கையெழுத்து. வெலிமடை உருளைக்கெழங்குக்காரன், போஞ்சிக்காரன், கரட்டுக்காரன், தேயிலைக்காரன், எல்லாருக்கும் கட்டாய வகுப்பு. மே மாசம் தொடங்கி நவம்பர்ல கலைஞ்சுச்சு. மருந்தும் உரமும் மண்ணைக் கெடுக்குதுங்கிறதுல பொய் இல்ல, இந்தப் பள்ளத்துத் தோட்டங்கள்ல மருந்து வாடை மூக்குல ஏறாத நாள் கொறைவு. ஆனா மண்ணு மாறுறதுக்கு வருசக்கணக்குல அவகாசம் கேக்கும். கையெழுத்துப் போடுறவங்களுக்கு அவ்வளவு பொறுமை இல்ல. ஒரே நாள்ல இயற்கைய நேசிக்க வச்சிடலாம்னு நெனைக்கிற உங்க நோட்டீசுலயும் அந்த அவசரம் லேசா மணக்குது, கோவிச்சுக்காதீங்க.

பேரன் போன்ல தமிழ்நாட்டு விசயம் ஒண்ணு காட்டினான். மெட்ராசுல மாணவர்களே சேந்து 1988ல தொடங்கின கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு. தை மாசத்துல இருந்து சித்திரை வரைக்கும் ராத்திரி ராத்திரி நீலாங்கரையில இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் மணல்ல நடக்குறாங்க. பங்குனி ஆமை கரையேறி முட்டை போட்டிருந்தா, நாயும் நரியும் தோண்டுறதுக்கு முன்னால எடுத்து வேலிக்குள்ள பொதைச்சு, குஞ்சு வந்ததும் கடல்ல விடுறாங்க. கிழமைக் கடைசியில குடும்பங்களும் கூட நடக்கலாமாம். ஆமை வராத ராத்திரியும் உண்டு. நடக்குறவங்க அதுக்காக நிக்கிறதில்ல, வருசா வருசம் நடக்குறாங்க. அப்புறம் 2015ல இருந்து அங்க பொங்கலுக்குக் குருவி எண்ணுறாங்க. நாலு நாளும் வீட்டு வாசல்லயோ வயக்கரையிலயோ கால் மணி நேரம் நின்னு, கண்ணுல பட்டதை எண்ணி இணையத்துல பதியிறாங்க. பஸ் வேணாம், பார்சல் சோறு வேணாம். நம்ம நாட்டுலயும் கொழும்புப் பல்கலைக்கழகத்துல 1976ல இருந்து ஒரு பறவைக் குழு இருக்கு, அவங்களும் விடிய முன்னாலதான் எழும்புறாங்க. பிரதம அதிதிய அந்த நேரத்துல எழுப்ப முடியாதுங்கிற ஒரே சங்கடந்தான்.

எங்க தோட்டத்து ஸ்கூல்லயும் சுற்றாடல் கல்வி இல்லாம இல்ல. மத்திய சுற்றாடல் அதிகார சபையோட சுற்றாடல் முன்னோடித் திட்டம் இருக்கு, படிப்படியா பதக்கம் குடுக்குறாங்க. நல்ல திட்டம். பேரனும் அதுல இருக்கான். ஏட்டுல எலை ஒட்டி மூலிகைன்னு பேர் எழுதியிருக்கான், அவ்வளவு நேர்த்தி. வல்லாரை, ஆடாதோடை, குப்பைமேனி, அத்தனையும் லயத்துக்குப் பின்னாலயிருந்து அவன் ஆத்தா பறிச்சுக் குடுத்தது. எந்த நோவுக்கு எதுன்னு சொன்னதும் அவதான். பதக்கம் அவனுக்கு, குனிஞ்சு பறிச்ச முட்டி வலி அவளுக்கு. அந்த வலிக்கு என்ன எலைன்னு ஏட்டுல இன்னும் எழுதல.

சரி, கேலிய நிறுத்துறேன். நெசமாவே ஒரு நாள் நடத்தணும்னா ஐப்பசியில வாங்க. மழை பெய்யுமேன்னு கேப்பீங்க. மழைக்குத்தான் வரச் சொல்றேன்.

ஆளுக்கு ஒரு ரெண்டு லீட்டர் சோடாப் போத்தல் கொண்டாங்க. காலிப் போத்தல். நம்ம ரோட்டோரத்துலயே போதுமானது கெடக்கு, வழியில பொறுக்கிட்டு வந்தாலும் சரி. கழுத்துக்குக் கீழ, ஒடம்பு நேராத் தொடங்குற எடத்துல வெட்டுங்க. வெட்டின தலையக் கவுத்து வாயில வச்சாப் புனல் ஆச்சு. அடி வளைஞ்சிருக்கும், அதனால கொஞ்சம் பொடிக்கல்லு போட்டு, நேரான எடம் வரைக்கும் தண்ணி ஊத்தி, அங்க ஒரு கோடு போடுங்க. அதுதான் பூச்சியம். அதுக்கு மேல அடிமட்டத்தை வச்சு மில்லிமீட்டர் கோடு. கூரைத் தண்ணி சொட்டாத, மரம் மறைக்காத வெட்டவெளியில, காத்துல விழாம மூணு கல்லுக்கு நடுவுல நிறுத்துங்க. தெனமும் காலையில ஒரே நேரத்துல பாத்து, ஏட்டுல எழுதி, பூச்சியம் வரைக்கும் தண்ணிய எறக்கி வைக்கணும். ஏழு வயசுப் புள்ளை செய்யலாம். அப்பன்காரன் செய்ய வேணாம், அவன் ரெண்டாம் நாளே மறந்துடுவான்.

இது வெளையாட்டுச் சாமான்னு நெனைச்சுடாதீங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனந்தான் மண்சரிவுக்கு அறிவிப்புக் குடுக்கும். அவங்க சொல்ற கணக்கை எங்க பாசையில சொல்றேன். ஒரு நாள் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினாக் கண்ணத் தொறந்து வச்சுக்க. 100 தாண்டினா மூட்டையக் கட்டு. 150 தாண்டினா, இல்ல ஒரே மணி நேரத்துல 75 கொட்டினா, சட்டி பானைய விட்டுட்டு எழும்பிப் போ. டவுன்ல இருக்கிற மழைமானி டவுன் மழையச் சொல்லும். நம்ம லயத்துக்கு மேல எவ்வளவு கொட்டுச்சுன்னு அந்தச் சோடாப் போத்தலாலதான் சொல்ல முடியும்.

கொஸ்லாந்தை மீரியபெத்தை உங்களுக்குத் தெரியும். 2014 ஒக்டோபர் 29, காலை நேரம். மலை எறங்கி லயங்களை மூடிடுச்சு. அந்த எடம் ஆபத்துன்னு 2005லயும் 2011லயும் எச்சரிக்கை குடுத்திருந்ததாப் பொறகுதான் பெருசாப் பேசினாங்க. கடுதாசி மேசை மேசையாப் போச்சு, லயத்து வாசலுக்கு எறங்கி வரல. 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்தப்ப பதுளை மாவட்டம் பட்ட பாடு இன்னும் ஆறல. இந்த மண்ணுல நின்னுக்கிட்டு, பனிக்கரடி எத்தனை மிச்சம்னு புள்ளைங்களுக்கு வரைபடம் காட்டினாங்க ஒரு தடவை. கரடி பாவந்தான், நான் மறுக்கல. வீட்டுக்குப் பின்னால இருக்கிற கரையில புதுசா வெடிப்பு விட்டிருக்கா, நேரா நின்ன சவுக்கு சாஞ்சிருக்கா, தெளிஞ்சு வந்த ஊத்து திடீர்னு சேறாகுதா, இல்ல திடீர்னு நின்னு போச்சா, கதவு நெலையில சிக்குதா, இதையெல்லாம் பாக்கக் கத்துக்குடுத்துட்டுப் பனிக்கரடிக்குப் போகலாம்.

பொறகு எல்லாரும் கானுக்குள்ள எறங்குங்க. மலையச் சுத்தி வெட்டியிருக்கே, மழைத் தண்ணிய வேகங் கொறைச்சு ஓரமா நடத்திக்கிட்டுப் போற வாய்க்கால், அதுக்குள்ளதான். எங்க காலத்துல கான் வெட்டுக்குன்னு தனியா ஆள் பிரிப்பாங்க. நடுநடுவுல குழி இருக்கும், மண்ணு அதுல தங்கும், தண்ணி மட்டும் தாண்டிப் போகும். இப்பப் பல மலையில கான் தூந்து புல்லு மொளைச்சுக் கெடக்கு. தண்ணிக்குப் போக வழி இல்லாட்டி அது மண்ணுக்குள்ள எறங்கும், மண்ணு கனக்கும், கனத்தா எறங்கும். புள்ளைங்களை ஒரு கானைப் பிடிச்சு மேல இருந்து ஓடை வரைக்கும் மழைக்குள்ள நடக்க விடுங்க. எங்க மண்ணு சேந்திருக்கு, எந்தக் கலர் தண்ணி எங்கயிருந்து வருது, அதுங்களே கண்டுபிடிக்கும். பீலித் தண்ணி எங்க பொறக்குதுன்னு மேல ஏறிப் போகச் சொல்லுங்க. போற வழியில யாரு வீட்டுக் கக்கூசு, எந்தத் தோட்டத்து மருந்து ட்ரம்மு, எல்லாம் கண்ணுல படும். அதை எந்தப் பாடப் புத்தகத்துலயும் அச்சடிக்க மாட்டாங்க.

தண்ணி கீழ எங்க போகுதுங்கிறதும் இங்கயே காட்டலாம். எங்க ஓடையெல்லாம் உமா ஓயாவுல விழுது. உமா ஓயாவை வெலிமடைக்குக் கிட்ட புஹுல்பொலையில மறிச்சு, மலையைக் கொடைஞ்சு தெக்க கொண்டு போறாங்க. 120 மெகாவாட் கரண்டு. 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரான் ஜனாதிபதியே வந்து தொறந்து வச்சாரு. அந்தச் சுரங்கம் வெட்டுறப்ப 2014 டிசம்பர்ல உள்ள தண்ணி பீறிட்டுச்சு. மேல பண்டாரவளைப் பக்கம் கெணறு வத்துச்சு, வீட்டுச் சுவர் வெடிச்சுச்சு. கெணத்துத் தண்ணிக்கும் மலை வயித்துக்கும் என்ன சம்பந்தம்னு அந்தச் சனங்களுக்கு இனி எந்த வாத்தியாரும் சொல்லிக் குடுக்க வேணாம். ஃபீஸ்தான் கொஞ்சம் அதிகம்.

இதையெல்லாம் சொல்லிக் குடுக்க ஆள் தேடிப் பட்டணம் போகாதீங்க. கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க ரெண்டு பேரைக் கூப்பிடுங்க. எந்த மலையில எந்தக் கல்லுக்குக் கீழ குளவிக்கூடுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். குளவி கொட்டி ஆஸ்பத்திரியில சேத்த செய்தி வராத மாசம் இங்க கொறைவு, அதனால அவங்க முன்னால போனாத்தான் உங்களுக்கும் நல்லது. ஆனா கூப்பிட்டா பேர் போடுங்க. அன்னைக்கு மலைக்குப் போனாக் கெடைக்கிற சம்பளத்தைக் கையில குடுங்க. ஞாயித்துக்கிழமைதானே, சும்மாதானே இருப்பாங்கன்னு சொல்லாதீங்க. துணி தொவைக்கிறதும் வெறகு பொறுக்குறதும் அன்னைக்குத்தான். பேச்சாளருக்கு வாகனமும் கவரும், வழி காட்டின ஆத்தாவுக்கு நன்றியுரையில ஒரு வரியும்னா, அடுத்த தடவை அவ குளவிக்கூடு இருக்கிற பக்கமாத்தான் கூட்டிட்டுப் போவா. நான் பொறுப்பில்ல.

புள்ளைங்களை மேடைக்கு அந்தப் பக்கம் உங்க புள்ளை, இந்தப் பக்கம் எங்க புள்ளைன்னு உக்கார வைக்காதீங்க. உங்க பயலுக்குக் குருவியோட விஞ்ஞானப் பேர் தெரியும், எங்க பயலுக்கு அது எந்தப் புதர்ல முட்டை வச்சிருக்குன்னு தெரியும். அரை மணி நேரம் பெரியவங்க எல்லாம் தேத்தண்ணி குடிக்கப் போயிடுங்க. போத்தலை எங்க வைக்கிறதுன்னு அதுங்களே சண்டை பிடிச்சு முடிவு பண்ணட்டும். திரும்பிப் போன பொறகு இங்கத்த மழைய உங்க புள்ளை கேட்டு எழுதும், அங்கத்த மழைய எங்க புள்ளை கேட்டு எழுதும். சான்றிதழ் அச்சடிச்சிருந்தா அடுத்த ஐப்பசி வரைக்கும் பத்திரமா வையுங்க. அதுவரைக்கும் ஏட்டை விடாம எழுதின புள்ளைக்குக் குடுக்கலாம்.

சாப்பாட்டுக்கு லஞ்ச் சீட்டுல கட்டின பார்சல் கொண்டாராதீங்க. நீங்க போன பொறகு அதைப் பொறுக்குற கூலிக்கு உங்க நோட்டீசுல வரி இல்ல. எங்க லயத்துல ரொட்டி சுடுவாங்க, இடிச்ச சம்பல் இருக்கும், காசு குடுத்தா ரெண்டு கறி சேரும். தட்டு இருக்கு, கழுவி வைக்கிறது உங்க பாடு. ஹக்கலைப் பக்கம் காட்டோரம் போனா அட்டை இருக்கும், காலுக்குச் சவர்க்காரம் தேச்சுக்குங்க. ஒண்ணு ரெண்டு கடிச்சாக் கத்தாதீங்க, இந்தத் தோட்டத்துல எங்க ரத்தம் குடிச்சதுங்கள்ல அதுதான் சின்னது.

பிரதம அதிதிங்க ரெண்டு பேரும் கட்டாயம் வரணும்னா நான் தடுக்கல. ஏழாம் நம்பர் மலையில மேல் கான் தூந்து கெடக்கு, மண்ணு அள்ள ரெண்டு ஆள் கொறையுது. மம்பட்டி இருக்கு. சப்பாத்து நம்பரை மட்டும் முன்னமே சொல்லி அனுப்பச் சொல்லுங்க தம்பி, ரப்பர் பூட்ஸ் எங்ககிட்ட எட்டாம் நம்பர்ல ஒரு சோடிதான் இருக்கு.